தண்ணி செவக்கக் கூடாது

என் வாழ்நாளில் நான் ஒருத்தியைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவளிடம் நகை இருந்ததில்லை, அழகு என்று சொல்லும்படியும் இல்லை, ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நான் உயர்தரம் வரை படித்தவள், தமிழ்த் தினப் போட்டியில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள். இருந்தும் அவள் வாயைத் திறந்தால் என் படிப்பு எனக்கே போதாமல் போய்விடும்.

இலங்கையில் கலவானைக்கு மேலே, காட்டு ஓரத்தில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். இரண்டு பேரும் ஒரே லயத்தில், தொழிலாளர்களின் ஒரே வீட்டு வரிசையில் வளர்ந்தோம், இடையில் நான்கு வீடுகள். ஒரே வயது. அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாராவது பெரிய சொல் ஒன்றைச் சொன்னால் இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அது எப்புடி இருக்கும்?" என்று கேட்பாள். குதர்க்கத்துக்குக் கேட்கிற கேள்வி இல்லை அது. பார்க்க முடியாததை அவளால் விளங்கிக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பில் ஆசிரியர் ஒருநாள் கரும்பலகையில் 'சுபிட்சம்' என்று எழுதி விளக்கம் சொன்னார். அவள் எழுந்து நின்றாள்.

"சேர், சுபிட்சம் வந்தா நம்ம லயம் எப்புடி இருக்கும்?"

வகுப்பே சிரித்தது. ஆசிரியருக்குக் கோபம் வந்து, பாடம் முடியும் வரை அவளை நிற்க வைத்தார். அந்த வருடப் போட்டிக் கட்டுரையில் நான் சுபிட்சத்தை நான்கு இடத்தில் போட்டிருந்தேன். பரிசு வாங்கிக்கொண்டு வரும் வழியில் அவள் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. எங்கள் லயத்தை மனதுக்குள் வைத்துப் பார்த்தேன். கூரைத் தகரம் மாறியிருக்குமா? கதவு புதிதாக இருக்குமா? ஒன்றும் தெரியவில்லை. பரிசுப் புத்தகத்தை வீட்டில் கொடுத்துவிட்டு, காரணம் சொல்லாமல் அழுதேன். அம்மா அதைச் சந்தோஷ அழுகை என்று நினைத்துக்கொண்டாள்.

என் கல்யாணப் பேச்சிலும் அவள் தலையிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் கஹவத்தையிலிருந்து வந்திருந்தார்கள். தேத்தண்ணி கொடுக்க அம்மாதான் அவளைக் கூப்பிட்டிருந்தாள். "பொண்ண நல்லபடியா பாத்துக்குவேன்" என்று மாப்பிள்ளை சொன்னதும் இவள் தட்டோடு நின்றபடியே கேட்டாள்.

"நல்லபடியான்னா எப்புடிங்க? காலையில எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?"

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "அம்மா எழுப்புனா எந்திரிப்பேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணம் முடிந்து, கலவானை டவுனில் வேலை கிடைத்ததால் அவர் எங்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டார். இத்தனை வருடமாக அவரை நான்தான் எழுப்புகிறேன். ஒவ்வொரு காலையும் அவள் கேள்வி என் காதில் விழும்.

நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து தையல் குழு ஆரம்பித்தது அதற்குப் பிறகு. ஓர் உதவி அமைப்பு ஆறு தையல் மெஷின்களைத் தந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் முன்பு குழந்தைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக் காம்பராவைத் தோட்ட நிர்வாகம் திறந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் நான் செயலாளர். தலைவி யார் என்று கேட்டபோது மற்ற நான்கு பேரும் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்கள். அவள் அப்போது கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள், பின்னேரம்தான் மெஷினுக்கு வருவாள். அப்படியிருந்தும் அவளைத்தான் பார்த்தார்கள்.

பள்ளிக்கூடச் சட்டைகள்தான் முதலில் தைத்தோம். அட்டை சொக்ஸ் யோசனை அவளுடையது. காட்டைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் முழங்கால் வரை நீண்ட துணி உறை போட்டு, மேலே நாடாவால் இறுக்கிக்கொண்டு நடப்பார்கள். அட்டை ஏறினாலும் கடிக்க முடியாது. ஒரு நாள் அவள் அப்படி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து மெஷின் மேல் போட்டாள்.

"ஒரு நாளு காட்டுக்குள்ள போறவனுக்கு இது இருக்கு. தெனமும் மலையில நிக்கிறவளுக்குச் சவுக்காரந்தான்."

உண்மைதான். எங்கள் பக்கம் மழை விடாது. மலையில் கால் வைத்தால் அட்டை. பெண்கள் காலில் சவுக்காரத்தைத் தேய்த்துக்கொண்டு போவார்கள். மழை பெய்தால் அரை மணி நேரத்தில் அது கரைந்துவிடும். என் அம்மாவும் கொழுந்து எடுத்தவள்தான். பின்னேரம் மலைத் தண்ணீர் கொட்டும் பீலியடியில் அவள் கால் கழுவும்போது கல்லில் ஓடும் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன். மழையைப் போல அதுவும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

துணி மாவனல்லையிலிருந்து வந்தது. அங்கே துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் மாதம் ஒரு தடவை வான் வண்டியில் இந்தப் பக்கம் வருவார். அவளிடம் மாதிரித் துணியை நீட்டி, "இது நெருக்கமா நெய்ஞ்ச துணி புள்ள. அட்டைய உடுங்க, ஊசியே யோசிச்சுத்தான் உள்ள போகும்" என்றார். அவள் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள், ஒரு மூலையை நனைத்துப் பிழிந்து மறுபடி பார்த்தாள். பிறகுதான் சரி என்றாள்.

முதலில் தைத்தவை உதவவில்லை. வெள்ளைக்காரன் அதற்கு மேல் சப்பாத்து போடுகிறான். எங்கள் பெண்கள் வெறுங்காலோடு சரிவில் நிற்பவர்கள். ஈரத் துணி வழுக்கி இரண்டு பேர் விழுந்தார்கள், ஒருத்திக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அந்தச் செய்தி வந்தபோது எனக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எழுந்தது. எழுதக் கூசினாலும் அது உண்மை. அவள் அன்று பின்னேரமே முழங்கால் வீங்கியவளுக்கு எண்ணெய் தேய்க்கப் போனாள். மூன்றாம் நாள் பழைய டயர் டியூபை வெட்டித் துணிக்கு அடியில் வைத்துத் தைத்தாள், விரல் மடங்கும் இடத்தில் இடைவெளி விட்டு. போட்டுக்கொண்டு மழைக்குள் மலையேறி இறங்கிக் காட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் இரத்தினபுரியில் சிறுதொழில் பயிற்சி வந்தது. மூன்று நாள். கடைசியில் நல்ல திட்டம் எழுதும் குழுவுக்குப் பெரிய மெஷின் ஒன்று கிடைக்கும் என்றார்கள். நானும் அவளும் போனோம். மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் சிங்களவர்கள். பயிற்சி கொடுத்த மிஸ்ஸும் சிங்களம், தமிழும் கொஞ்சம் பேசுவார். இரண்டாம் நாள் அவர், ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தொலைநோக்கு வேண்டும், பத்து வருடம் கழித்து உங்கள் தொழில் எதைச் சாதித்திருக்க வேண்டுமோ அதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள் என்றார்.

அது என் நேரம். சொற்கள் எனக்குத் தானாக வரும். பத்து நிமிடத்தில் எழுதி, எழுந்து நின்று வாசித்தேன்.

"சப்ரகமுவ மாகாணத்தில் தரமும் நம்பகத்தன்மையும் மிக்க முன்னணி ஆடை உற்பத்தி நிறுவனமாகத் திகழ்ந்து, மகளிர் வலுவூட்டலின் ஊடாக சுபிட்சமான எதிர்காலத்தை நோக்கிப் பயணித்தல்."

மிஸ் தலையாட்டினார். பக்கத்தில் இருந்த அவள் என் சேலை நுனியை இழுத்தாள். மெதுவாகக் கேட்பதாகத்தான் நினைத்திருப்பாள். மெதுவாகப் பேச அவளுக்கு வராது.

"முன்னணின்னா யாருக்கு முன்னால புள்ள?"

"எல்லாருக்கும்."

"முன்னால போயி எங்க நிக்கிறது? அது எப்புடி இருக்கும்?"

பின்வரிசையில் தமிழ் தெரிந்த இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சுட்டது. மிஸ் அவளைப் பார்த்தார்.

"அப்போ நீங்க சொல்லுங்க பார்க்க. உங்க தொலைநோக்கு என்ன?"

அவள் எழுந்து நின்றாள். கையில் கடதாசி இல்லை. கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு சொன்னாள்.

"எங்க மலையில கொழுந்து எடுத்துட்டு வர்ற பொம்பள ஒவ்வொருத்தியும் பின்னேரம் காலு கழுவுறப்போ தண்ணி செவக்கக் கூடாது. அவ்வளவுதாங்க மிஸ்."

மிஸ் அதைச் சிங்களத்தில் சொன்னார். முன்வரிசையில் இருந்த வயதான பெண் ஒருத்தி, அவளும் எங்கோ கொழுந்து எடுத்தவளாகத்தான் இருக்க வேண்டும், தன் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். மிஸ் பலகையில் பெரிதாக அதை எழுதச் சொன்னார். எழுதத் தெரிந்தவள் நான். நான்தான் எழுதினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. பதின்மூன்று வருடம் படித்து நான் சேர்த்த சொற்களையெல்லாம், இவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவள் தலை என் தோளில் சாய்ந்தது. தள்ளிவிடவும் முடியவில்லை.

திட்டத்தை டைப் செய்து அனுப்ப வேண்டியது செயலாளரின் வேலை. கலவானை டவுனில் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு பகுதியாகச் சொன்னேன், கடைப் பெண் டைப் செய்தாள். தொலைநோக்கு என்ற கட்டம் வந்தது.

"சொல்லுங்க அக்கா" என்றாள் கடைப் பெண்.

நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். ஒரு தடவைகூட நிறுத்தாமல், கால்புள்ளி எங்கே வரும் என்பதையும் சேர்த்து.

எங்களுக்குத்தான் மெஷின் கிடைத்தது. மாதிரிக்கு அனுப்பிய சொக்ஸைப் பார்த்துக் கொடுத்தார்களா, என் வாக்கியத்தைப் பார்த்தா, தெரியாது. மெஷினோடு, தொலைநோக்கை மூன்று மொழியிலும் எழுதிய போர்டு ஒன்றும் வந்தது. அவள் அதன் முன்னால் நின்று விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"நான் சொன்னதுதான் இருக்கும்னு நெனச்சேன்."

"கொழும்புல மாத்திட்டாங்க. ஆபீஸ் பாஷையில இருக்கணுமாம்."

"அப்புடியா" என்றாள். பிறகு, "எழுத்து அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஆணியும் சுத்தியலும் எடுக்கப் போனாள். போர்டை மாட்டியதும் அவள்தான். நான் கீழே நின்று நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னேன். அடுத்த தடவை வந்த நானா அதை வாசித்துவிட்டு, எங்கள் ஒற்றை அறையை எட்டிப் பார்த்து, "நல்ல பெரிய பேச்சாத்தான் இருக்கு. ஒங்கட கம்பனி எங்க?" என்று கேட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு காட்டு ஓரத்து ஹோட்டல் ஒன்று எங்களைத் தேடி வந்தது. தங்கள் விருந்தாளிகளுக்கு மாதாமாதம் வெள்ளைச் சொக்ஸ் வேண்டும், ஹோட்டல் அடையாளம் பதித்து. அவர்கள் கேட்ட அளவுக்கு ஆறு பேரும் நாள் முழுக்கத் தைக்க வேண்டும். மலைக்காரப் பெண்களுக்குத் தைக்க நேரம் இருக்காது. கூட்டம் போட்டோம்.

"வேணாம்னு சொல்லல" என்றாள் அவள். "பாதி அவங்களுக்குத் தைப்போம், பாதி நம்மளுக்கு."

"பாதி கொடுத்தா அவங்க வேற ஆளத் தேடிப் போயிருவாங்க. நம்ம தொலைநோக்கு என்னா? முன்னணி நிறுவனம். போர்டுலயே இருக்கே, பாரு."

நான் கையை நீட்டிப் போர்டைக் காட்டினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானே எழுதி, நானே நுழைத்து, கொழும்பின் மேல் பழி போட்ட வாக்கியம். அதை அரசாங்கச் சட்டம் மாதிரிக் காட்டினேன். கை தூக்கச் சொன்னபோது ஐந்து கைகள் ஹோட்டலுக்கு உயர்ந்தன.

அவள் சண்டை போடவில்லை. அடுத்த நாள் தன் மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வழியில் பார்த்தவர்களிடம், "வீட்டுலயே தைக்கலாம்னு இருக்கேன்" என்று மட்டும் சொன்னாளாம். தலைவி பதவி எனக்கு வந்தது. அன்று பழைய பிள்ளைக் காம்பராவில் அவள் இடம் காலியாக இருந்ததைப் பார்த்து, இனி நிம்மதி என்று நினைத்தேன்.

அவள் வீட்டு வாசலில் பெண்கள் வரிசையில் நின்று காலை அளக்கக் கொடுத்தார்கள். அளவு நாடா எடுக்க மாட்டாள், கையால் கணுக்காலைச் சுற்றிப் பிடித்துப் பார்ப்பாள், அவ்வளவுதான். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

ஒரு பின்னேரம் பீலியடிக்குக் குடத்தோடு போனேன். அம்மா மலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கல்லில் நனைந்த சொக்ஸ் ஒரு சோடி காய்ந்துகொண்டிருந்தது, அடியில் டியூப் துண்டு. என்னிடம் சொல்லாமல் அவளிடம் போயிருக்கிறாள். சண்டை போட வாயெடுத்தேன். அப்போது கல்லைப் பார்த்தேன். மண் நிறத்தில் கொஞ்சம் ஓடியது. பிறகு வெறும் தண்ணீர். அம்மா குனிந்து விரல் இடுக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், வழக்கம் போல. நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பெற்ற அம்மாவின் காலுக்கு நான் செய்திருக்க வேண்டியதை அவள் செய்திருந்தாள். நன்றிதான் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது எரிச்சல்.

அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணமாகி, கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டம் ஒன்றுக்குப் போய்விட்டாள். கொஞ்ச காலத்தில் நாட்டுக்குச் சுற்றுலாக்காரர்களின் வரவே நின்றது. ஹோட்டல் ஓடர் ஒரு போன் பேச்சோடு முடிந்தது. மலைக்காரப் பெண்களிடம் போய்க் கேட்க எனக்கு முகம் இல்லை. குழு கலைந்தது. எங்கள் போர்டின் பின்பக்கத்தில் பெயின்ட் அடித்து, யாரோ டியூஷன் வகுப்பு விளம்பரம் எழுதியிருக்கிறார்கள். மெஷின்கள் வீட்டுக்கு வீடு போய்விட்டன. நான் இப்போது மற்றவர்களுக்குத் திட்டம் எழுதிக் கொடுக்கிறேன். தொலைநோக்கு என்ற கட்டத்தில் எழுத எதையாவது தேடி என்னிடம்தான் வருகிறார்கள்.

போன வருடம் அம்மா இறந்தாள். காரியங்கள் முடிந்த பிறகு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி, இரத்தினபுரியிலும் அவிசாவளையிலும் மாறி, அவள் தோட்டத்துக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன்.

வீட்டோடு சேர்ந்த தகரக் கொட்டகையில் ஏழெட்டு மெஷின்கள். வாசலில் போர்டு எதுவும் இல்லை. றப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கான சொக்ஸ் மூலையில் குவிந்து கிடந்தது. என்னைக் கண்டதும் ஊசியைத் துணியில் குத்திவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அம்மா போன செய்தியைச் சொன்னதும் அழுதாள். என்னைவிட அதிகமாக அழுதாள்.

தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னேன். "ஒண்ணு சொல்லணும். அந்தத் தொலைநோக்க கொழும்புல மாத்தல. நான்தான் மாத்துனேன்."

"எத?"

"இரத்தினபுரி ட்ரெயினிங்ல நீ சொன்னியே. டைப் பண்றப்போ அத எடுத்துட்டு என்னோடத போட்டேன். ஒங்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் என்னையே பார்த்தாள். நான் அவள் முகத்தில் காயம் தேடினேன். கோபம் வருமா, அழுகை வருமா என்று பார்த்தேன். அவளுக்கு நடிக்கத் தெரியாது. அவள் நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ட்ரெயினிங் போனோம், ஞாபகம் இருக்கு. பகலுக்கு மீன் கொழம்பு நல்லா இருந்திச்சி. நான் அங்க என்னா சொன்னேன்?"

உள்ளே ஒரு பெண், "அக்கா, இந்த நாடாவ எந்தப் பக்கம் வைக்கிறது?" என்று கூப்பிட்டாள். "இரு வர்றேன்" என்று எழுந்து போனவள் வர அரை மணி நேரமானது. அதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது. ஒவ்வொரு நாளும் நான் தூக்கிச் சுமந்த அந்த வாக்கியத்தை அவள் ஒரு நாளும் சுமந்திருக்கவில்லை. அவளுக்குச் செய்ய வேலை இருந்தது.

"நீ சொன்னது இதுதான்" என்று அந்த வரியைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றும் அதை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிரதான வீதி வரை வந்து என்னைப் பஸ் ஏற்றினாள். கையில் இரண்டு சோடி சொக்ஸ் சுற்றிக் கொடுத்தாள். கண்டக்டரிடம் சிங்களத்தில், அவிசாவளையில் இறக்கி இரத்தினபுரி பஸ்ஸைக் காட்டிவிடச் சொன்னாள். பிறகு என் முதுகில் கை வைத்து, பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "மகே யாளுவா. ஹரிம லஸ்ஸனட்ட லியனவா" என்றாள். என் சிநேகிதி, ரொம்ப அழகாக எழுதுவாள் என்று.

கண்டக்டர் மரியாதையாகத் தலையை ஆட்டி, முன் சீட்டில் இடம் பிடித்துக் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. அவள் கையை ஆட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தாள். நான் ஆட்டவில்லை. இரண்டு கையாலும் அந்தப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.